ஃப்ளாஷ் கார்டு இல்லாமலே குழந்தை கற்றுக்கொள்ளும் சொல்: செஞ்சியில் எல்கேஜியும் அப்பாவின் சிகரெட்டும்

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் சில லோகோக்களைக் காட்டி, எது எந்தப் பொருளுக்கானது என்று கேட்டார்கள். இந்தியா, சீனா, பாகிஸ்தான், பிரேசில், நைஜீரியா, ரஷ்யா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வு அது. 2013-ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வெளியானது. 68 சதவீதக் குழந்தைகள் குறைந்தது ஒரு சிகரெட் பிராண்டையாவது சரியாக அடையாளம் காட்டினார்கள். அதை எந்த மிஸ்ஸும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

செஞ்சி மாதிரியான ஊரில் கொரோனா காலத்துப் பெற்றோரின் கவலை வேறாக இருந்தது. "ஸ்கூலும் இல்ல, புள்ளைக்கு இங்கிலீஷ் எப்படி வரும்?" நியாயமான கவலைதான். 2020 மார்ச்சில் மூடிய நர்சரி பள்ளிகள் தமிழ்நாட்டில் 2022 பிப்ரவரி 16-ல்தான் திறந்தன. எல்கேஜி, யுகேஜி இரண்டையும் முழுசாக விழுங்கிவிடுகிற இடைவெளி இது.

அரசு பக்கமும் நிலைமை அதேதான். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியிருந்தது. தனியார் நர்சரிக்குக் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். ஒரு வருஷம் ஓடியதும் கொரோனா வந்துவிட்டது. இழப்பை ஈடுகட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபரில் தொடங்கி வைத்தார். விழா நடந்தது செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம். ஆனால் அது 1 முதல் 8-ம் வகுப்பு வரைக்கான திட்டம். நாலு வயதுக் குழந்தைக்குக் கிடைத்த டீச்சர் செல்போன்தான்.

போன் ஏன் போதவில்லை?

அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து கதை சொன்னார், விளையாடினார். இன்னொரு பிரிவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் டிவியில். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியத் தெரிந்தது. டிவி பார்த்த குழந்தைகளுக்கு எதுவும் ஒட்டவில்லை.

இதில் மர்மம் ஏதும் கிடையாது. கோட்டையடிவாரத்தில் ஒரு குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது. அம்மா விரல் நீட்டி "மங்கி! பாரு, மங்கி!" என்கிறார். குழந்தை அம்மா பார்க்கும் திசையைப் பார்க்கிறது, பயப்படுகிறது, சிரிக்கிறது, திருப்பிச் சொல்கிறது. சொல், பொருள், ஆள், உணர்ச்சி நாலும் ஒரே நொடியில் சேருகின்றன. போன் திரையில் 'எம் ஃபார் மங்கி' நூறு முறை ஓடினாலும், குழந்தை திருப்பிச் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இப்போது அதே கணக்கை சிகரெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். நேரில் இருக்கிற ஆள், அதுவும் குழந்தைக்கு ரொம்பப் பிடித்த ஆள். கையில் பொருள். அதற்கொரு பெயர், ஒரு வாசனை, தினமும் அதே நேரம். ஒரு சொல்லைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

ஊரடங்கு இந்த வகுப்பை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. அதுவரை டீக்கடையிலும் ஆபீஸ் வாசலிலும் நடந்தது, மொட்டை மாடிக்கும் திண்ணைக்கும் பாத்ரூமுக்கும் வந்தது. 2020 ஏப்ரல் 15-ல் மத்திய உள்துறை புகையிலை விற்பனையையே தடுத்தது. அதைச் சாக்காக வைத்து விட்டவர்களும் உண்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் பதுக்கியவர்களும் உண்டு. புகைப்பவர்களுக்கு கொரோனா தீவிரமாகும் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே எச்சரித்தது. வீட்டுக்குள் புகைப்பது கொரோனாவோடு வந்த பழக்கமும் அல்ல. 2016-17 தேசியப் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டில் பிறர் விடும் புகையைச் சுவாசித்தார்கள்.

"சின்னக் குழந்தைதானே, அதுக்கென்ன புரியும்?" புரிகிறது. 2005-ல் அமெரிக்காவில் 2 முதல் 6 வயதுள்ள 120 குழந்தைகளைப் பொம்மைக் கடையில் 'பெரியவங்க மாதிரி' சாமான் வாங்கவிட்டார்கள். 28 சதவீதம் பேர் கூடையில் சிகரெட்டையும் போட்டார்கள். பெற்றோர் புகைப்பவராக இருந்தால் அதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு. நம் ஊரில் பொம்மைக் கடைகூட வேண்டாம். "அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்று நிஜக் கடைக்கே அனுப்புகிறோம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குச் சிகரெட் விற்பது 2003 புகையிலைச் சட்டப்படி குற்றம். யாருக்காக வாங்குகிறது என்பது அங்கே பேச்சே இல்லை.

அரசு செய்ய வேண்டியது இங்கே இருக்கிறது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கக் கூடாது என்கிறது அதே சட்டம். அங்கன்வாடி என்று தனியாகப் பெயர் சொல்லவில்லை. தமிழக அரசு அதையும் சேர்த்துத் தெளிவாக ஆணையிட வேண்டும். அடுத்தது, ஒற்றை சிகரெட் விற்பனை. பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் அந்தப் படம் புரியும். ஒற்றையாக விற்றால் அந்தப் படமே கண்ணில் படாது. மகாராஷ்டிரா 2020 செப்டம்பரில், கொரோனா நடுவிலேயே, ஒற்றை விற்பனையைத் தடை செய்தது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போன 12 மராத்தியக் கோட்டைகளில் 11 அங்கே, ஒன்று செஞ்சியில். கோட்டையில் சேர்ந்தோம், இதிலும் சேரலாமே.

இங்கிலீஷ் விஷயத்தில் கஞ்சத்தனம் செய்வதும் அரசுதான். 2022-ல் அங்கன்வாடி எல்கேஜி ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. பிறகு தற்காலிக ஆசிரியர்களை நியமித்தது, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில். குழந்தையோடு நாள் முழுக்கப் பேசிச் சொல் கற்றுத்தரும் வேலைக்கு அது ஒரு சம்பளமா?

அப்பாக்களுக்கு: புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். விடும்வரை, குழந்தையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.