வெளுத்ததெல்லாம் நல்ல நீர் அல்ல

நெல் விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலப்பது உழவர்கள் அறிந்ததே. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில பாக்டீரியாக்களும், மண்ணில் வாழும் பேசில்லஸ் வகைகள் சிலவும் துணிச் சாயத்தைச் சிதைக்க வல்லவை. சாயக்கழிவு தேங்கிய மண்ணிலிருந்தே இவற்றைப் பிரித்தெடுத்து வளர்க்கலாம். இது நல்ல செய்திதான். ஆனால், கழிவை ஆற்றில் விட்டாலும் மண் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவது பெருந்தவறு.

சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகையைச் சேர்ந்தவை. காற்றில்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் இவற்றை உடைக்கும்; நிறம் போய்விடும். ஆனால் உடைந்த துண்டுகளான அமின்கள் நீரில் தங்கும். அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்குபவை. காற்றோட்டமுள்ள இரண்டாவது தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் வேலை செய்தால்தான் இவையும் அழியும்.

ஆரணியாறு வந்து சேரும் பழவேற்காடு ஏரியில் இரண்டாவது தொட்டி ஏது? கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் நீர் வெளியேற வழியில்லை. அடிச்சேற்றில் காற்றும் இல்லை. மேலே எங்கேனும் சாயக்கழிவு கலந்தால், வந்து சேரும் நீர் தெளிவாகத் தெரியலாம். நஞ்சு சேற்றில் படியும். அந்தச் சேற்றில்தான் இறாலும் நண்டும் மேய்கின்றன. அதைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கு உள்ளன.

இன்னொன்று உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பை ஏராளமாகச் சேர்க்கிறார்கள். எந்தப் பாக்டீரியாவும் உப்பைத் தின்று தீர்ப்பதில்லை. நொய்யலில் 1992-இல் பாசனத்துக்கென முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எனவே, பாக்டீரியாவுக்கு உரிய இடம் ஆலையின் தொட்டியே. ஆறும் வயலும் ஏரியும் அல்ல. உப்பைப் பிரித்தெடுப்பதும் ஆலையின் கடமையே.

சாயப்பட்டறை உள்ள ஆற்றின் கரையோர உழவர்கள், நீரின் நிறத்தை நம்பாமல் கிணற்று நீரை ஆண்டுதோறும் பரிசோதித்து உப்பின் அளவை அறிய வேண்டும். நிறம் போய்விட்டது என்று ஆலையார் காட்டினால், அமினும் உப்பும் போயிற்றா என்று கிராம சபையில் கேட்க வேண்டும். மேல்மடை உழவர் கேட்கும் அக்கேள்வி, கடைமடை மீனவரின் வலையையும் காக்கும்.