ஒரிஜினல் பார்ட்ஸ் வேணுமா? முதல்ல வண்டியிலேயே தேடுங்க

எங்க பெரியப்பா வண்டியோட இடது கதவை எடைக்குப் போட்டது நாங்கதான். போன செமஸ்டர் லீவுல நடந்தது. இதை ஒத்துக்கிட்ட பிறகுதான் மத்த விஷயத்தைப் பேச எனக்கு யோக்கியதை இருக்கு.

வண்டி மஹிந்திரா எஃப்சி-150 பிக்கப். போடி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமந்த வண்டி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: சாதாரண ஜீப்பின் மூக்கை வெட்டிவிட்டு, டிரைவரைத் தூக்கி இன்ஜின் பக்கத்திலேயே உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் எஃப்சி. 1956 கடைசியில் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி கொண்டுவந்தது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். பிறகு உரிமம் வாங்கி மஹிந்திரா இங்கே தயாரித்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வெறும் 81 அங்குலம். கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிற நாங்க நாலு பேர், பல வருஷமா நின்ற அந்த வண்டியை மறுபடி ஓட வைக்கிறோம்னு கிளம்பினோம். கொள்கை ஒன்றே ஒன்று: "எல்லாமே ஒரிஜினல் பார்ட்ஸ்." இடது கதவின் அடிப்பகுதி துருவில் உதிர்ந்து கிடந்தது. விரலை வைத்து அழுத்தினால் அந்தப் பக்கம் வந்துவிடும். "இது தேறாது மச்சி" என்று முடிவு பண்ணி, வேறு இரும்போடு சேர்த்து கிலோ கணக்கில் போட்டுவிட்டோம். சாயங்காலம் பெரியப்பா வந்து, "கதவ எங்கடா?" என்றார். "நல்ல ஒரிஜினல் கதவா வாங்கிடலாம் பெரியப்பா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் கால் கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் பாடம். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சாதாரண ஜீப்போடு பொதுவானவை. இன்ஜின் 134 கன அங்குலம், அதாவது சுமார் 2.2 லிட்டர். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கும் 'எஃப்-ஹெட்' வகை. அதற்கான கேஸ்கெட், பேரிங் எல்லாம் அலைந்தால் கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் சுற்றியதில் பாதி லிஸ்ட் முடிந்தது. ஆனால் கேபின் இந்த வண்டிக்கு மட்டுமே உரியது. ஜீப் கதவு இதற்குப் பொருந்தாது. மூன்று மாசம் தேடி, ஒரு பழைய இரும்புக் கடையில் எஃப்சி கதவு ஒன்றைப் பிடித்தோம். அதே மாடல். மாட்டினால், கீழே உரசுது, மேலே விரல் நுழையும் இடைவெளி.

டிங்கர் அண்ணன் சிரித்தார். "தம்பி, இத்தனை வருஷம் மலையில ஆடுன பாடி. அதோட கதவு அதோடவே சேர்ந்து வளைஞ்சிருக்கும். இது வேற வண்டியோட வளைஞ்ச கதவு." அடுத்து அவர் சொன்னதுதான் வலித்தது: "பழைய கதவு இருந்தா அடியில நாலு இன்ச் வெட்டிட்டு புதுத் தகடு வெச்சு வெல்டு அடிச்சிருப்பேனே."

என் கருத்து இதுதான். ஒரிஜினல் என்பது கடையில் வாங்குகிற பொருள் இல்லை. வண்டியில் ஏற்கனவே இருப்பதுதான் முதல் ஒரிஜினல். அதைக் காப்பாற்ற முடியாதபோதுதான் கடைக்குப் போகணும். நாம தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கழற்றி எறிகிறோம், பிறகு தேடுகிறோம்.

தேய்ந்த பாகத்தைக்கூட எறியக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம்ம கையில் அந்த வண்டியின் டிராயிங் இல்லை. உடைந்த பாகம்தான் டிராயிங். அதைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் நீட்டுவதன் பக்கத்தில் வைத்து, வெர்னியரால் அளந்து வாங்கணும். அட்டைப்பெட்டியில் கம்பெனி பெயர் அச்சடிப்பது பெரிய வேலை இல்லை. வார்ப்பில் எழும்பி நிற்கும் எண், எடை, துளைகளின் இடைவெளி, இவற்றைப் பாருங்க.

போல்ட் விஷயத்திலும் இதே தப்பைச் செய்தோம். கழற்றிய போல்ட்களை ஒரே டப்பாவில் கொட்டியதில் ஒன்று காணாமல் போச்சு. "எட்டு எம்எம் சரியா இருக்கும்" என்று எம்8 போல்ட்டை பிளாக்கில் முடுக்கினேன். அங்கே இருந்தது 5/16 அங்குல மரை. விட்டம் 7.94 மி.மீ., கிட்டத்தட்ட எட்டுதான். ஆனால் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.41 மி.மீ. எம்8-க்கு 1.25. இரண்டு சுற்று சுகமாகப் போனது, அப்புறம் இறுகியது. நான் ஸ்பேனரில் பலம் காட்டினேன். மரை போச்சு. பிட்ச் பற்றி பரீட்சையில் முழு மார்க் வாங்கின கை அது. கடைசியில் ஹெலிகாயில் வைத்துச் சரிசெய்தோம்.

எல்லாத்தையும் அப்படியே வைக்கணும்னு சொல்லலை. பிரேக் ரப்பர் கப், ஹோஸ், வயரிங் மூன்றும் கண்டிப்பாகப் புதுசு போடுங்க. பல வருஷம் பெட்டியிலேயே இருந்த பிரேக் கிட்டை "பழைய ஸ்டாக், ஒரிஜினல்" என்று கொடுத்தால் வாங்காதீங்க. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயசாகி இறுகும். மலை இறக்கத்தில் அந்தப் பெருமை உதவாது. இரும்பாலான வீல் சிலிண்டரை லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட்டு வைத்துக்கொள்ளலாம். உள்ளே போகும் ரப்பர் புதுசாக இருக்கணும்.

"ரிப்பேர் கூலிக்கு வேற பார்ட்டே வாங்கிடலாமே" என்று கேட்பீங்க. சில சமயம் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் அலைச்சல், பஸ் காசு, பொருந்தாத கதவு எதுவும் வராது. 2021-ல் விண்டேஜ் வாகனப் பதிவுக்காக வந்த மத்திய விதிகள்கூட, 50 வருஷம் தாண்டிய வண்டியில் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாமல் இருக்கணும் என்றுதான் கேட்கின்றன. லோடு வண்டிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது தனிக்கதை. ஆனால் எதை ஒரிஜினல் என்று மதிக்கணும் என்பதில் அந்த விதி தெளிவாக இருக்கு.

அடுத்து பழைய வண்டி எடுக்கப் போகிற ஜூனியர்களுக்கு மூன்றே வேண்டுகோள். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்க. ஒவ்வொரு போல்ட்டையும் தனிக் கவரில் போட்டு, எந்த இடம் என்று எழுதுங்க. வண்டிக்காரரைக் கேட்காமல் எதையும் எடைக்குப் போடாதீங்க.

போன மாசம் வண்டி ஸ்டார்ட் ஆச்சு. பெரியப்பாதான் ஓட்டினார், தோட்டம் வரைக்கும் போய் வந்தோம். வழியில் கதவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கலை. இடது பக்கம் உட்கார்ந்த எனக்குத்தான், அந்த விரலளவு இடைவெளி வழியா போக வர காத்து அடிச்சுக்கிட்டே இருந்தது.