சமைத்தவர் யாரென்று அங்கே கேட்டீர்களா?

கோவையிலிருந்து வெளிநாடு போன எங்கள் பிள்ளைகள், நண்பர்களோடு ஓட்டலில் சாப்பிடும் படங்களை அனுப்புகிறார்கள். தீபாவளி, பொங்கல் என்றால் ஒரே வீட்டில் விருந்து. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம் பகுதி ஆதிக்கச் சாதிப் பையன்கள்தான். மகிழ்ச்சி. (சாதியும் விமானம் ஏறியிருக்கிறது. இல்லாவிட்டால் 2023இல் சியாட்டில் மாநகராட்சி ஏன் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை போட வேண்டும்?)

அந்தத் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறோம். அங்கே ஓட்டலில் சமைத்தவர் யார், என்ன சாதி என்று விசாரித்துவிட்டா கை நனைத்தீர்கள்?

இங்கே விசாரித்தார்கள். 2018 ஜூலையில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் யாரை அப்புறப்படுத்தினார்கள்? சமைக்க வந்த அந்த அம்மாவைத்தான் இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகே உத்தரவு ரத்தானது. வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அதே குழந்தைகளுக்குத்தான் அவர் உலை வைக்க வந்திருந்தார்.

தம்பிகளே, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அந்த நண்பனின் வீட்டுக்கும் போங்கள். காலனிக்குள் நாலு வீடு தள்ளித்தான். அவன் அம்மா சமைத்து வைத்திருப்பார். உங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கும் சேர்த்தே இலை போடுகிறோம்.