பட்டாளத்துப் பித்தளையும் வெடிக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய சாமானுக்குத் தனி மரியாதை உண்டு. "வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பரணில் கிடக்கும் அண்டாவுக்கும் அதே மரியாதைதான், தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்து வைத்த காலித் தோட்டாவுக்கும் அதே மரியாதைதான். "கனத்தப் பாருப்பா, பட்டாளத்துப் பித்தளை, எத்தனை தடவை வேணும்னாலும் மருந்து கெட்டிக்கலாம்" என்று டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் சொல்ல, நாலு பேர் தலையாட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன். துப்பாக்கிப் பிரியர்களிடையே வெளிநாடுகளிலும் ஓடுகிற பேச்சுதான் இது. பொய்யான பேச்சு. கண்ணையும் கையையும் பறிக்கக்கூடிய பொய்.

தோட்டா ஓடு வெறும் டப்பா என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. மருந்து எரியும் அந்தக் கணத்தில் ஓடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சுருங்கிக் கழன்று வர வேண்டும். பட்டாளத்தின் பழைய 303 ரைபிளில் அந்த வாயுவின் அழுத்தம் நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3,000 மடங்கு. அதைத் தாங்குவது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த ஒரு மெல்லிய சுவர். அது கிழிந்தால் வாயு வரும் வழி, சுடுகிறவனின் முகம் இருக்கும் திசை.

பட்டாளத்துப் பித்தளை சாகாது என்பவர்களுக்குப் பட்டாளமே சொன்ன பதில் ஒன்று உண்டு. அது நடந்தது நம் நாட்டில்தான். ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் படையெடுப்பு கிடையாது. தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், ஒருமுறைகூடச் சுடாத புதுத் தோட்டாக்கள் தானாகவே விரிசல் விட்டுக் கிடக்கும். பருவத்தோடு வந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் பல காலம் பிடிபடவில்லை. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் வெளியிட்ட ஆய்வில்தான் முடிச்சு அவிழ்ந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா ஒரு பாதிக் காரணம். தகட்டை இழுத்து நீட்டி ஓடாக்கும்போது உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும் இறுக்கம் மறுபாதி. இரண்டும் சேர்ந்தால் பித்தளை வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே பிளக்கும். செய்து முடித்த ஓட்டை மிதமான சூட்டில் காட்டி அந்த இறுக்கத்தைத் தணிப்பதே தீர்வாயிற்று.

இப்போது நம் பக்கம் பாருங்கள். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்தத் தோட்டத்து வீட்டிலும் பழைய தட்டுமுட்டுச் சாமான் எங்கே கிடக்கும்? மாட்டுத் தொழுவத்துப் பரணில். யூரியா மூட்டைக்குப் பக்கத்தில். கோழி எரு குவித்த கொட்டகையில். கோமியம், எரு, ஈரம்பட்ட யூரியா எல்லாமே அம்மோனியாவின் ஊற்று. ஆனி, ஆடியில் மலை தாண்டி வரும் சாரலின் ஈரம் வேறு. அந்தக் குதிரை லாயத்தை நாம் வீட்டுக்கு வீடு கட்டி வைத்திருக்கிறோம். அங்கே ஐம்பது ஆண்டு கிடந்த ஓட்டைத் துணியால் துடைத்து, "தங்கம் மாதிரி மின்னுது" என்றால் அதில் என்ன இருக்கிறது? மினுக்கம் மேல்தோல். விரிசல் அதற்குக் கீழே.

சேதம் அம்மோனியாவோடு முடிவதில்லை. தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் கேப்பு; பழைய பிரிட்டிஷ் கேப்புகளில் பாதரசம் கலந்த மருந்து இருந்தது. ஒருமுறை சுட்டதுமே அந்தப் பாதரசம் பித்தளையில் ஊறி அதை நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுபோய்விடும், கண்ணுக்குத் தெரியாது. பிரென் போன்ற இயந்திரத் துப்பாக்கிகள் துப்பிய ஓடுகள் அடிப்பக்கம் நீண்டு மெலிந்திருக்கும். எந்த ஓடு எந்தத் துப்பாக்கியிலிருந்து விழுந்தது என்று பார்த்துச் சொல்ல பழைய இரும்புக் கடைக்காரரால் முடியுமா? கனம் என்கிறார்களே, அந்தக் கனமே சில சமயம் எதிரி. சுவர் தடித்தால் உள்ளிடம் குறையும்; அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும்.

முல்லைப் பெரியாறு அணையைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டியது இன்றும் நிற்கவில்லையா? நிற்கிறது. அந்த மனிதரை நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அணையை யாரும் சும்மா விட்டுவைக்கவில்லை. சிமென்ட் பால் செலுத்தினார்கள்; 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டு, இரும்புக் கம்பி நங்கூரம் இறக்கி, பின்புறம் கான்கிரீட் அணைப்புக் கொடுத்தார்கள். பரணில் கிடந்த தோட்டாவுக்கு அப்படி யார் என்ன செய்தார்கள்?

பன்றியை விரட்டத்தானே மருந்து கெட்டிக்கிறோம் என்று கேட்கலாம். காட்டுப்பன்றி வாழையைச் சாய்க்கிறது, நிலக்கடலையைக் கிளறுகிறது. விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். அதற்கு வழி தொழுவத்தில் தோட்டா செய்வதாக இருக்க முடியாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுட 2025 ஜனவரியில் அரசு அனுமதி தந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும் தோட்டாக் கணக்கிலேயே சேரும். நினைவுப்பொருளாக இருக்கும் காலி ஓட்டை அந்தச் சட்டம் தொந்தரவு செய்யாது. உரிமம் இல்லாமல் அதில் மருந்து கெட்டித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 ஆண்டுக்குக் குறையாத சிறை.

உங்கள் வீட்டிலும் தாத்தாவின் தோட்டா இருக்கலாம். அடிப்பகுதியைப் பாருங்கள். கேப்பு குழி விழுந்து, முன்வாய் திறந்து, உள்ளே காலியாக இருந்தால் மாடத்தில் வைத்து அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கேப்பு மழுமழுவென்று இருந்தாலோ, முனையில் ரவை மாட்டியிருந்தாலோ தட்டவும் வேண்டாம், எடைக்குப் போடவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.