காரைக் கழுவ எத்தனை நிமிடம்?

ஆண்டு மலருக்குக் கார் கழுவுவதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் வகுப்பே சிரித்தது. பேருந்துப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வருபவனுக்குக் காரைப் பற்றி என்ன கவலை என்று நீங்களும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். மஞ்சள் எண் பலகை மாட்டிய அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அதைக் கழுவும் பொறுப்பு என்னுடையது. ஆகவே இந்தப் பொருளில் கருத்துச் சொல்ல எனக்குச் சிறிது தகுதி உண்டென்று நம்புகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு மாமாவிடமும் ஒரு கார் உண்டு. வாரத்தில் ஆறு நாள் அது உறை போர்த்தி உறங்கும், ஞாயிறன்று குளிக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கும் நீராட்டு பத்து மணிக்குத்தான் நிறைவுறும். முதலில் வெறும் நீர், பிறகு ஷாம்பு நுரை, மீண்டும் நீர், அதன்மேல் பாலிஷ். குளிர்காற்று வரும் இடுக்குகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைப்பார்! மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்வோரிடம்கூட இத்தனை பொறுமையை நான் கண்டதில்லை. அவர்மேல் எனக்குப் பகை இல்லை. உழைத்து வாங்கிய பொருளை ஒருவர் பேணுவதில் தவறென்ன? என் வழக்கெல்லாம் அவர் கையிலுள்ள ரப்பர் குழாயோடுதான்.

எங்கள் தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதை வேதியியல் துறையினருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீர் குடிக்க ஆகாது. அத்தகைய நீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை ஏறும். எந்தப் பற்பொடிக்கும் அது போகாது. என் தந்தையார் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வார். அது கூச்சம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன். 2013ஆம் ஆண்டில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரி எங்கள் தெருக் குழாய்க்கு வந்தாள். அதற்குப் பின் பிறந்தவள் என் தங்கை. அவள் வாயை மறைக்காமல் சிரிக்கிறாள்.

அந்த நீரைத் தொட்டியில் நிரப்பி, மோட்டார் போட்டு, மாமா காரைக் குளிப்பாட்டுகிறார். அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணறு இல்லையா? இருக்கிறது. அந்த நீரில் கழுவினால் வண்டியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறதாம்! பாதிப் பேர் கறைப் பல்லோடு வாழும் தெருவில், கார் கறைபடக் கூடாதென்று குடிநீர் ஓடுகிறது. இதைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா?

ஒருநாள் அவரிடம் அனுமதி பெற்றே அந்தக் குழாயின் கீழ் எங்கள் 15 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் நிரம்பியது. மூன்று மணி நேரத்தில் குழாய் திறந்திருப்பது நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம், 600 லிட்டர். சிற்றூர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படியானால் பத்துப் பேருக்கு மேற்பட்டோரின் ஒருநாள் நீர், தெருவோரச் சாக்கடைக்குப் போகிறது.

எங்கள் வண்டிக்கு மூன்று வாளி. அதுவும் ஆழ்துளைக் கிணற்று நீர். வெள்ளைப் புள்ளி விழுவதில்லையா? விழாது. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, நீர் ஆவியானபின் தங்குவதே அந்தப் புள்ளி. ஆவியாக விடாமல் துடைத்துவிட்டால் புள்ளிக்கு வழியேது? "வெயில்ல கழுவாதே கண்ணு, தண்ணி காயறதுக்குள்ள துணி போயிடணும்" என்பது அப்பாவின் பாடம். நிழலில் நிறுத்தி, கூரையை முதலில் கழுவித் துடைத்து, பிறகு கண்ணாடி, பிறகு கதவு என்று பகுதி பகுதியாக இறங்க வேண்டும். சக்கரங்கள் கடைசியில், அவற்றுக்குத் தனித் துணி. சக்கரத்து மணல் ஒட்டிய துணியால் கதவைத் தேய்த்தால் கீறல் விழும். ஆக, கடின நீரில் கழுவுவோனுக்கு வேகமே பாதுகாப்பு. மாமா மூன்று மணி நேரம் வெயிலில் நின்று, வராத கறையையும் வரவழைக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் கருத்து, அரைமணி நேரம் போதும் என்பது. விதிவிலக்கு உண்டு. இராமேசுவரம், வேளாங்கண்ணி சென்று திரும்பினால் அடிப்பாகத்து உப்பைக் கழுவக் கூடுதல் நேரம் தந்தே ஆக வேண்டும். இல்லையேல் துரு தின்னும். பறவை எச்சத்தை ஞாயிறு வரை விட்டுவைக்கலாகாது; அது வண்ணப் பூச்சை அரிக்கும்.

அழுக்கு வண்டியில் யார் ஏறுவார் என்று சிலர் கேட்பர். உண்மையே. பயணி பார்ப்பது இருக்கையையும் கண்ணாடியையும் தரைவிரிப்பையும்தானே தவிர, சக்கரத்தின் பளபளப்பை அல்ல. இதில் மற்றொன்றும் உண்டு. பெங்களூரு விமான நிலையத்துக்குச் சவாரி போய் விடியற்காலை நாலு மணிக்குத் திரும்பும் ஓட்டுநர், எட்டு மணிச் சவாரிக்கு முன் ஒரு மணி நேரம் வண்டியைத் தேய்த்தால், அந்த ஒரு மணி அவருடைய உறக்கத்திலிருந்து போகிறது. பளபளக்கும் வண்டியில் கண் சொருகும் ஓட்டுநரோடு பயணம் செய்ய யாருக்கு விருப்பம்? நான் இந்தப் பணியை ஏற்றதே அதனால்தான்.

அதே பெங்களூருவில் 2024 மார்ச்சில் குடிநீரால் வண்டி கழுவத் தடை விதித்தார்கள், மீறினால் ரூ. 5,000 தண்டம். அந்நாட்களில் அங்கே போய்வந்த அப்பா, பெரிய பெரிய கார்களெல்லாம் புழுதியோடு ஓடியதையும், அதனால் எவர் மதிப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் வியந்து சொன்னார்.

இக்கட்டுரைக்காகச் சென்ற ஞாயிறன்று கடிகாரம் வைத்துக் கழுவினேன். முப்பது நிமிடம், மூன்று வாளி; பெருமிதத்தோடு அப்பாவை எழுப்பினேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கர வளைவுக்குள் விரலை விட்டுத் தடவி, சேற்றை என் முன் நீட்டி, வாயை மறைக்க மறந்து சிரித்தார். மீண்டும் துணியை நனைத்தேன். ஆகவே, நாற்பது நிமிடம் என்று திருத்திக்கொள்கிறேன்.