பாஸ் மாறியாச்சு... பழைய பாஸ் போயாச்சா? 3 லத்தீன் அமெரிக்க கம்பெனிகள் சொல்லும் பாடம்

2025 மே 21. லத்தீன் அமெரிக்காவின் மிகப்பெரிய ஆன்லைன் வர்த்தக நிறுவனமான 'மெர்காடோ லிப்ரே' ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கம்பெனியைத் தொடங்கிய மார்கோஸ் கால்பெரின், 26 ஆண்டுகளாக வகித்த சி.இ.ஓ. பதவியை விட்டு விலகுகிறார். 2026 ஜனவரி 1 முதல் அந்த இடத்துக்கு அரியேல் ஷார்ஃப்ஸ்டெய்ன் வருகிறார்.

ஆனால், கால்பெரின் வீட்டுக்குப் போகவில்லை. எக்ஸிகியூட்டிவ் சேர்மனாக கம்பெனியிலேயே தொடர்கிறார்.

சில மாத இடைவெளியில் மெக்சிகோவின் இரண்டு பெரிய கம்பெனிகளிலும் சி.இ.ஓ. மாறினார். அங்கேயும் இதே கதைதான். சி.இ.ஓ. அறையில் புது ஆள், சேர்மன் அறையில் பழைய ஆள். அப்படியென்றால் உண்மையில் முடிவு எடுப்பது யார்?

இதில் ஒரு கம்பெனி நமக்கும் பழக்கமானதுதான். தெருமுனைக் கடையில் வாங்கும் 'மாடர்ன்' பிரெட், 2021-ல் மெக்சிகோவின் 'பிம்போ' குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் இந்திய அரசு நடத்திய கம்பெனி அது!

அங்கே ஏன் எல்லாமே குடும்பம்?

மெக்சிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா, சிலி போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பெரிய கம்பெனி என்றால் பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு குடும்பம் இருக்கும். மெக்சிகோவின் பெரும் பணக்காரர் கார்லோஸ் ஸ்லிம்மின் டெலிகாம் நிறுவனமான 'அமெரிக்கா மோவில்' ஓர் உதாரணம். அதன் சி.இ.ஓ. டேனியல் ஹஜ், ஸ்லிம்மின் மருமகன்.

இது வெறும் பாசம் மட்டும் இல்லை. 1994-ல் மெக்சிகோவின் பெசோ சரிந்தது. 2001-ல் அர்ஜென்டினாவில் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. வங்கிக் கடனுக்கு வட்டி அதிகம், கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வர வருடக்கணக்காகும். இப்படிப்பட்ட சூழலில் 'வெளியாளை எப்படி நம்புவது?' என்ற பயம் இயல்பாக வரும். அதனால் நம்பிக்கையானவர்கள் என்று சொந்தக்காரர்களையே சாவி கொடுத்து உட்கார வைத்தார்கள்.

ஆனால் கம்பெனி 10, 20 நாடுகளுக்கு வளர்ந்த பிறகு ஒரு சிக்கல். நம்பிக்கைக்கு ஆள் கிடைப்பார், திறமைக்கு? இந்தக் கேள்விக்கு 3 கம்பெனிகளும் 3 விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

1. மெர்காடோ லிப்ரே: உள்ளே வளர்ந்தவருக்கு வாய்ப்பு

1999-ல் அர்ஜென்டினாவில் தொடங்கிய கம்பெனி இது. ஆரம்பத்தில் ஈபே மாதிரி ஏல விற்பனைதான். 2001-ல் ஈபே நிறுவனமே இதில் 19.5 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 2007-ல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது.

ஆனால் ஈபேயை காப்பி அடித்து மட்டும் இந்த உயரத்துக்கு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்ப மக்கள் பயந்தார்கள். பலரிடம் கிரெடிட் கார்டே இல்லை. அதனால் 'மெர்காடோ பாகோ' என்ற சொந்த பேமென்ட் சேவை வந்தது. பார்சல் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் 2013-ல் 'மெர்காடோ என்வியோஸ்' என்ற டெலிவரி சேவை வந்தது. நாட்டில் எது இல்லையோ, அதைத் தானே கட்டிக்கொள்வது. இதுதான் கம்பெனியின் அடிப்படை உத்தி.

புது சி.இ.ஓ. ஷார்ஃப்ஸ்டெய்ன் வளர்ந்தது இந்த இடத்தில்தான். 2017-ல் வேலைக்குச் சேர்ந்தவர், டெலிவரி பிரிவை நடத்தினார். பிறகு மொத்த வர்த்தகப் பிரிவுக்கும் தலைவரானார். அமேசான் 2015-லேயே மெக்சிகோவுக்குள் வந்துவிட்டதால், வேகமாக டெலிவரி செய்யாவிட்டால் பிழைக்க முடியாது என்ற நிலை. அந்த நெருக்கடியில்தான் அவர் தன்னை நிரூபித்தார்.

அவர் கைக்கு வரும் கம்பெனி சின்னது இல்லை. 2024-ல் வருவாய் சுமார் 20.8 பில்லியன் டாலர். ஊழியர்கள் 80,000-க்கும் மேல். மிகப்பெரிய சந்தை, போர்ச்சுகீசிய மொழி பேசும் பிரேசில்.

பரீட்சை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பதவி அறிவிப்பு வந்த அடுத்த மாதமே, பிரேசிலில் இலவச டெலிவரிக்கான குறைந்தபட்சத் தொகை 79 ரியாலில் இருந்து 19 ரியாலாகக் குறைக்கப்பட்டது. ஷோப்பி போன்ற ஆசிய ஆப்களின் போட்டியைச் சமாளிக்கத்தான் இந்த ஆட்டம். ஆர்டர் கூடும், ஆனால் ஒவ்வொரு ஆர்டரிலும் செலவும் கூடும். 2025-ன் இரண்டாம் காலாண்டில் வருவாய் 34 சதவீதம் உயர்ந்தும், நிகர லாபம் முந்தைய ஆண்டின் 531 மில்லியன் டாலரில் இருந்து 523 மில்லியனாகக் குறைந்தது. லாபம் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 'இப்போது லாபத்தை விட்டுக்கொடுத்துச் சந்தையைப் பிடிப்போம்' என்ற முடிவின் விலையை இனி புது சி.இ.ஓ.தான் சுமக்க வேண்டும்.

2. பிம்போ: குடும்பத்துக்கு வெளியே போனதும் தடுமாற்றம்

1945-ல் மெக்சிகோ சிட்டியில் தொடங்கிய பிம்போ, இன்று உலகின் மிகப்பெரிய பிரெட் கம்பெனி. 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. 1997-ல் சி.இ.ஓ. ஆன டானியல் செர்விட்யே, நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஊர் ஊராகப் பேக்கரி கம்பெனிகளை வாங்கிப் போட்டு கம்பெனியை வளர்த்தவர் அவர்.

2024-ல் அவர் சி.இ.ஓ. பொறுப்பை, கம்பெனிக்குள் உயர் பதவியில் இருந்த ரஃபேல் பாமியாஸிடம் கொடுத்தார். செர்விட்யே எக்ஸிகியூட்டிவ் சேர்மன் ஆனார். குடும்பத்துக்கு வெளியே ஒருவர் வருகிறார் என்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் 2025-லேயே பாமியாஸ் விலகினார். அலெஹாந்த்ரோ ரோட்ரிகஸ் பாஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

27 ஆண்டுகளில் ஒரே சி.இ.ஓ. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இருவர்! யார் மேல் தப்பு என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. நீண்ட காலம் ஒரே ஆள் நடத்திய கம்பெனியில், அடுத்து வருபவருக்கு அந்தப் பழக்கத்தை மாற்றக் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு.

3. பெம்சா: வெளியே போன சாவி வீட்டுக்கே திரும்பியது

1890-ல் மான்டெரே நகரில் பீர் ஆலையாகத் தொடங்கியது பெம்சா. இன்று 'ஆக்ஸோ' என்ற சிறு கடைகளின் சங்கிலி இவர்களுடையது. மெக்சிகோவில் மட்டும் 20,000-க்கும் மேல் கடைகள். கோகோ கோலாவை பாட்டிலில் அடைத்து விற்கும் உலகின் மிகப்பெரிய நிறுவனமும் இவர்களுடையதே.

இவர்களின் கதை தலைகீழ். 1995-ல் சி.இ.ஓ. ஆன ஹோசே அன்டோனியோ ஃபெர்னாண்டஸ் கர்பஹால், உரிமையாளர் குடும்பத்தின் மருமகன். அவர் சேர்மனாக இருக்க, 2014-ல் இருந்து சுமார் 10 ஆண்டுகள் சி.இ.ஓ. பதவியில் குடும்பத்துக்கு வெளியே இருந்து 3 பேர் மாறி மாறி இருந்தார்கள். 2023-ல் கர்பஹாலே மறுபடி அந்தப் பதவிக்கு வந்தார். 2025 நவம்பரில் அதை ஏற்றவர், ஆக்ஸோ பிரிவை நடத்திய அவருடைய மகன். அப்பா எக்ஸிகியூட்டிவ் சேர்மன்.

'மகன்தானே' என்று ஒதுக்கிவிட முடியாது. கம்பெனி எந்தத் திசையில் போகிறது என்பது 2023-லேயே முடிவாகிவிட்டது. ஹைனிகன் பீர் கம்பெனியில் வைத்திருந்த பங்குகளை விற்றுவிட்டு, கடைகள் மீது கூடுதல் கவனம் என்பதுதான் அந்த முடிவு. 2024-ல் டெக்சாஸ் பக்கம் 249 கடைகளை வாங்கி அமெரிக்காவுக்குள்ளும் நுழைந்தார்கள். கடைகள்தான் எதிர்காலம் என்றால், கடைப் பிரிவை நடத்தியவரை மேலே கொண்டுவருவதில் ஒரு லாஜிக் இருக்கிறது.

ஆனால் நேரம் சரியில்லை. 2025-ன் முதல் பாதியில் மெக்சிகோவில் ஆக்ஸோ கடைகளுக்கு வரும் கூட்டம் குறைந்தது. '3பி' போன்ற மலிவு விலைக் கடைகளும் வேகமாகப் பரவுகின்றன. விற்பனை இறங்கினால் மகனைக் கேள்வி கேட்கப்போவது யார்? சேர்மன் நாற்காலியில் இருக்கும் அப்பாவா?

அப்போ எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். சி.இ.ஓ. மாறுவது மாற்றத்தின் ஆரம்பம் இல்லை. பெரும்பாலும் கடைசிப் படி. மெர்காடோ லிப்ரேயில் டெலிவரிதான் உயிர் என்ற முடிவும், பெம்சாவில் கடைகள்தான் எதிர்காலம் என்ற முடிவும் ஏற்கெனவே எடுக்கப்பட்டவை. அந்தப் பிரிவுகளை நடத்தியவர்களே மேலே வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, எக்ஸிகியூட்டிவ் சேர்மன் என்ற பதவி. இது இருபக்கம் கூர்மையான கத்தி. பழையவர் பக்கத்தில் இருந்தால் முதலீட்டாளர்கள் பதற மாட்டார்கள். ஆனால் கீழே இருக்கும் மேனேஜர்கள் சிக்கல் வந்தால் எந்த அறைக் கதவைத் தட்டுவார்கள்? பழைய அறைக் கதவையே தட்டினால், புது சி.இ.ஓ. பெயருக்குத்தான்.

கால்பெரினின் குடும்ப அறக்கட்டளை வசம் இருப்பது 10 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான். ஆனாலும் 26 வருடம் கம்பெனியைக் கட்டியவர் வார்த்தைக்கு இருக்கும் எடை பங்குக் கணக்கில் அடங்காது.

அதனால் அடுத்த சில காலாண்டு முடிவுகளில் லாபத்தை மட்டும் பார்த்தால் போதாது. பிரேசிலின் இலவச டெலிவரியால் லாபம் இன்னும் குறைந்தால், அந்த முடிவில் உறுதியாக நிற்பதும் பின்வாங்குவதும் ஷார்ஃப்ஸ்டெய்னின் முடிவாக இருக்குமா, மேலே இருப்பவரின் முடிவாக இருக்குமா? பாஸ் உண்மையிலேயே மாறியிருக்கிறாரா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.