வானத்துக் கல்லின் சாட்சியம்

நம் பிள்ளைகளிடம் சூரிய குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், புதன் முதல் நெப்டியூன் வரை தடையின்றி ஒப்புவித்துவிடுகிறார்கள். ஆனால் அருகிலுள்ள நான்கு கிரகங்கள் பாறையாகவும் அப்பாலுள்ள நான்கும் வாயுவும் பனியும் மிகுந்த பேருருவங்களாகவும் அமைந்ததற்குக் காரணம் யாது என்று வினவினால், பெரும்பாலோர் மௌனமாகிவிடுகிறார்கள். காரணத்தை விடுத்துப் பெயர்களை மட்டும் போதிப்பது, அரசர்களின் பெயர் வரிசையையே சரித்திரம் என்று கற்பிப்பதற்கு ஒப்பாகும்.

வாயுவும் தூசியும் கலந்த மேகமொன்று தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி, சுருங்கச் சுருங்கச் சுழற்சி மிகுந்து தட்டை வடிவம் பெற, அதன் நடுவே சூரியனும் சுற்றிலும் கிரகங்களும் தோன்றின என்பது இன்றைய சித்தாந்தம். இதன் வித்தை 1755-இல் ஜெர்மானிய தத்துவஞானி காண்ட்டும், 1796-இல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸும் இட்டனர். சூரியனை அடுத்த பகுதியில் உஷ்ணம் மிகுந்திருந்தமையால் கல்லும் உலோகமுமே திடமாக நிலைத்தன; நீர் உறையும் எல்லைக்கு அப்பால் பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ளவே, வியாழன் விரைவில் பருத்து, வாயு கலைந்து மறையுமுன் அதைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது.

இது வெறும் ஊகமன்று. 1969 பிப்ரவரி 8-ஆம் தேதி மெக்ஸிகோவில் அயெண்டே என்னும் ஊரருகே விழுந்த விண்கற்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தால், கரிய பரப்பினிடையே ஒழுங்கற்ற வெண் துணுக்குகளும், ஒருகாலத்தில் உருகித் துளிகளாக மிதந்து பின் இறுகிய சிறு உருண்டைகளும் கண்ணுக்கே புலப்படும். கால்சியமும் அலுமினியமும் செறிந்த அவ்வெண் துணுக்குகளே ஆதித் தட்டில் முதலில் உறைந்த திடப்பொருள்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. ஏழு லட்சம் ஆண்டுகளில் பாதியாக அழிந்துபோகும் அலுமினியம்-26 என்னும் கதிரியக்கப் பொருள் அவற்றில் உயிர்ப்போடு இருந்ததற்கான தடயத்தையும் 1976-இல் கண்டறிந்தார்கள். சிறிய கோள்களை உள்ளிருந்தே உருக்கிய வெப்பம் பெரும்பாலும் அதனின்றே பிறந்தது. பூமியின் பாறைகளோ பலமுறை உருகி உருமாறித் தம் பிறப்பின் சுவட்டை இழந்துவிட்டமையால், இத்தனை பழமையான சாட்சியை விண்கற்களிடமே தேட வேண்டியிருக்கிறது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் கல்கத்தாவில் விண்கற்களின் அரிய தொகுப்பொன்று இருக்கிறது. அத்தகைய கற்களின் மெல்லிய வெட்டுத் துண்டுகளையோ, அவை கிட்டாவிடில் தெளிவான வண்ணப் படங்களையோ பள்ளிகளுக்கு அனுப்ப அரசும் அருங்காட்சியகங்களும் முன்வர வேண்டும்; ஆசிரியர்களும் கிரகங்களின் பெயர்களை ஒப்புவிக்கச் சொல்வதற்கு முன்பு அக்கல்லைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டுகிறேன்.